கணினிக்கும் பானைத் தண்ணீர்தான்!

வாசகர் கேள்வி – பதில்

ஏசி இல்லாத அறையில் கம்ப்யூட்டர் கொதிக்கிறது, அதன் சூட்டை இழுத்துவரும் தண்ணீரைக் குளிர்விக்கக் கூலிங் கோபுரம் ஒன்றை வீட்டிலேயே கட்டலாமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி (திருச்சி): பிவிசி பைப்பை நிமிர்த்தி வைத்து, மேலே ஷவர், கீழே வாளி, பக்கவாட்டில் ஒரு ஃபேன். இப்படிச் செய்தால் தண்ணீர் அறை வெப்பத்தையும் தாண்டிக் குளிரும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். தண்ணீரைக் குழாயில் ஓட்டி ஃபேன் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீரை அறைக் காற்றின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது. ஆவியாகும் தண்ணீரால் முடியும். மண்பானையின் புறத்தோல் ஈரமாக இருக்கும்வரை உள்ளே தண்ணீர் சில்லென்று இருப்பதும், நெய்வேலி அனல் மின் நிலையத்தில் இடுப்புச் சிறுத்த கோபுரங்கள் நிற்பதும் இதே காரணத்தால்தான். 2000-களின் தொடக்கத்திலேயே ஓவர்கிளாக்கிங் (கம்ப்யூட்டரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்கிறவர்கள் இதை வீட்டளவில் செய்து பார்த்துவிட்டார்கள்.

30 டிகிரி வாக்கில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் சேர்ந்து 250 வாட் கக்கினால், அதை வெளியேற்ற மணிக்குச் சுமார் 370 மி.லி. தண்ணீர் ஆவியானால் போதும். வறண்ட வெயிலில் உள்ளே வரும் சூடான காற்றையும் தண்ணீர் சேர்த்தே குளிர்விக்க வேண்டியிருப்பதால் செலவு மணிக்கு 600, 700 மி.லி. வரை போகும்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. அதன் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. 38 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 24 டிகிரி. வீட்டில் கட்டும் கோபுரம் அதற்கு 4 டிகிரி மேலே வந்து நின்றால் நல்ல வேலை என்று சொல்லலாம். அதாவது 28 டிகிரித் தண்ணீர். அதே அறையில் நல்ல ரேடியேட்டர் தரும் தண்ணீர் 45 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

கேள்வி (சென்னை, பெசன்ட் நகர்): எங்கள் பக்கம் கடற்காற்று. இங்கே இது வேலை செய்யுமா?

பதில்: செய்யும், ஆனால் செலவழித்த உழைப்புக்குப் பலன் கம்மி. 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் ஈரக்குமிழ் அளவே 29-ஐத் தாண்டிவிடுகிறது. கோபுரத்துக்கான 4 டிகிரியைச் சேர்த்தால் தண்ணீர் 33-இல் நிற்கும். ரேடியேட்டர் 42 காட்டுகிற இடத்தில் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதற்காக வாளி, கொசு, உப்பு, ஈரம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். எங்களைக் கேட்டால், கடலோரத்தில் இருப்பவர்கள் நல்ல ரேடியேட்டருக்கே காசு போடலாம்.

முடிவெடுக்கும் முன் உங்கள் அறையை நீங்களே அளந்துவிடுங்கள். மீன்தொட்டிக் கடையில் ஒயர் நுனியில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். சென்சார்மீது பழைய வேட்டித் துணியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நனைத்து, டேபிள் ஃபேன் முன்னால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். இறங்கி நிற்கும் எண்தான் உங்கள் ஈரக்குமிழ் அளவு. துணி தடியாக இருந்தால் எண் இறங்க வெகுநேரம் பிடிக்கும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவே 35-க்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் ஊர் உச்சிவெயிலில் அறை வெப்பத்துக்கும் இந்த எண்ணுக்கும் இடையே 10 டிகிரியாவது வித்தியாசம் இருந்தால் கோபுரம் கட்டுங்கள்.

கேள்வி (கரூர்): என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் பொருத்த வேண்டும்?

பதில்: வாங்க வேண்டியவை: 20 லிட்டர் பெயின்ட் வாளி மூடியுடன், 160 மி.மீ. பிவிசி டிரெய்னேஜ் பைப் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே அளவில் ஒரு ‘ஒய்’ ஜாயின்ட். ஏர் கூலருக்கு விற்கும் 18 வாட் சப்மெர்சிபிள் பம்ப். சாதாரண பிளாஸ்டிக் ஷவர் தலை. ஏர் கூலருக்கான 100 மி.மீ. தடிமன் தேன்கூட்டு பேட். ரேடியேட்டரில் பொருத்துவதற்கென்று விற்கும் 120 மி.மீ. ஃபேன் ஒன்று. காப்பர் சுருள் பற்றி அடுத்த பதிலில்.

110 மி.மீ. பைப் மலிவு, ஆனால் வேண்டாம். ஃபேன் தள்ளும் காற்று அந்தக் குறுகிய வழியில் வேகமெடுத்துத் துளிகளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். 160-இல் அதே காற்றின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பலர் ‘டீ’ ஜாயின்ட் வாங்கிவிடுகிறார்கள். அதில் பக்கவாய் படுக்கையாக நிற்பதால் தெறிக்கும் தண்ணீர் அங்கேயே தேங்கி ஃபேன்மீது சொட்டும். ஒய் ஜாயின்டின் கிளை மேல்நோக்கிச் சாய்ந்தபடி நிற்குமாறு பொருத்தினால் தெறித்தது வழிந்து உள்ளேயே போய்விடும். கிளையின் வாயில் அக்ரிலிக் தகடு ஒட்டி, அதில் ஃபேனைக் காற்று உள்ளே போகும் திசையில் பொருத்துங்கள். ஃபேனைக் கோபுரத்தின் உச்சியில் வைத்து உறிஞ்சவிட்டால் எந்நேரமும் நனைந்த காற்று அதன் வழியே போகும். பேரிங் சீக்கிரம் கிரீச்சிடத் தொடங்கும்.

வாளி மூடியில் பைப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, ஒய்யின் கீழ்முனையை அதில் இறக்குங்கள். ஒய்க்கு மேலே, பைப்பின் அடியில், ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டு. அதன்மேல் பைப்பின் உள்வட்டத்துக்குச் சரியாக வெட்டிய பேட் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். தண்ணீர் ஒரே பக்கம் ஒதுங்காமல் பிரிந்து ஓடும். பேட்டுக்கு 15 செ.மீ. மேலே ஷவர். ஷவருக்கு 10 செ.மீ. மேலே, 5 செ.மீ. தடிமனில் இன்னொரு பேட் துண்டு. இது பறக்கும் துளிகளைப் பிடிக்கத்தான். இதை நனைக்கக் கூடாது.

கண்டூட் பைப்பைச் சிறுசிறு வளையமாக நறுக்கிப் பேட்டுக்குப் பதில் கொட்டலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் பெரிய புளோயர் வைத்து அப்படிச் செய்கிறார்கள். 120 மி.மீ. ஃபேனுக்கு அந்த அடைப்பைத் தள்ளும் பலம் கிடையாது. தேங்காய் நாரும் வேண்டாம், சாயம் இறங்கித் தண்ணீர் டீத்தண்ணி மாதிரி ஆகிவிடும்.

பம்ப் வாங்கும்போது லிட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை மீட்டர் உயரம் ஏற்றும் என்ற ‘ஹெட்’ அளவைப் பாருங்கள். கோபுரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், ஹெட் 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே இல்லாதபோது கிடைப்பது. ஷவர் முனையில் நிமிடத்துக்கு 3 லிட்டர் வந்தால் போதும்; குடத்தையும் கடிகாரத்தையும் வைத்து அளந்துவிடலாம்.

அந்தப் பம்ப் 230 வோல்ட்டில் ஓடுகிறது, தண்ணீருக்குள் கிடக்கிறது. எர்த் உள்ள பிளக்கும், அந்த லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். ஒயர் வாளியிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறாமல், நடுவில் தாழ்ந்து ஒரு வளைவு எடுத்து ஏறட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

கேள்வி (கோவை): கோபுரத்துத் தண்ணீரையே நேரடியாக, சிப்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் வாட்டர் பிளாக்குக்கு அனுப்பினால் என்ன? எதற்கு இன்னொரு சுற்று?

பதில்: அனுப்பினால் முதல் வாரம் அருமையாக ஓடும். பிறகு தலைவலி. கோபுரத்துத் தண்ணீர் காற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அறையின் தூசி, பேட்டின் நார், சின்னப் பூச்சி எல்லாம் அதில். வாட்டர் பிளாக்கின் அடிப்பலகையில் உள்ள துடுப்புகளுக்கு இடையே இருப்பதோ அரை மி.மீ. கூட இல்லாத சந்து. அதில் போய் இவையெல்லாம் சாணிப்பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கழற்றிப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால்தான் வரும்.

ஆகவே இரண்டு சுற்று. வாளித் தண்ணீர் கோபுரத்தில் மட்டும் ஏறி இறங்கும். கம்ப்யூட்டரின் சுற்று, அதற்கென்று ஒரு பம்புடன், தனி. அதன் வெப்பத்தை வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும் காப்பர் சுருள் இறக்கிவைக்கும்.

ஏசி சாமான் கடையில் 3/8 அங்குல மென்காப்பர் குழாய் 8 மீட்டர் வாங்குங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள டின்னில் மெதுவாகக் கையாலேயே சுற்றினால் சுமார் 12 சுற்று வரும். சின்ன டின்னில் சுற்றினால் குழாய் நெளிந்து மடியும். சுற்றுகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் தண்ணீர் ஓடாது. வாளியில் 14 லிட்டர் ஊற்றினால் சுருள் முழுக்க மூழ்கும். இந்தச் சுருளால் 250 வாட்டுக்கு இன்னும் 3 டிகிரி வரை நட்டம். திருச்சிக் கணக்கில் 28 என்றது 31 ஆகிவிடும். தாராளமாகக் கொடுக்கலாம்.

குழாயை ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், டியூப் கட்டர் பயன்படுத்துங்கள். எதில் வெட்டினாலும் உள்விளிம்பைச் சுரண்டி, வினிகர் கலந்த தண்ணீரும் பிறகு நல்ல தண்ணீரும் விட்டு அலசிவிட்டுப் பொருத்துங்கள். ஒரு காப்பர் துகள் போதும் பிளாக்கை அடைக்க. வாட்டர் பிளாக் காப்பர் என்றால் சுற்றில் அலுமினியம் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

இணைத்து முடித்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட வேண்டாம். மதர்போர்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகும் எல்லா பவர் கனெக்டரையும் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் சுற்றின் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். அதற்கு 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) தனியே ஓடும். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடல் என்றால் 16, 17-ஆம் பின்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு டிஷ்யூவில் தெரிந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): எந்தத் தண்ணீர் ஊற்றுவது? எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,200.

பதில்: கம்ப்யூட்டருக்குள் ஓடும் உள்சுற்றுக்குப் பேட்டரித் தண்ணீர். பெட்ரோல் பங்கில் கிடைக்கும். ஆசிட் அல்ல, டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கேனில் வரும். அதில் பத்தில் ஒரு பங்கு கார் கூலன்ட் கலந்தால் பாசியும் அரிப்பும் தள்ளிப்போகும். வருடம் ஒரு முறை மாற்றினால் போதும்.

வாளிக்கு அந்தப் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு வாளியிலேயே தங்கிவிடும். கணக்குப் பாருங்கள்: நாளுக்கு 5 லிட்டர் ஆவியானால் 1,200 டிடிஎஸ் தண்ணீர் தினமும் 6 கிராம் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. 14 லிட்டரில் அது நாளுக்கு 400-க்கும் மேல் ஏறும் டிடிஎஸ். பத்து நாளில் பேட் வெள்ளை பூத்து, சுருள்மேல் சுண்ணாம்பு படிந்து, ஷவர்த் துளைகள் ஒவ்வொன்றாக அடைந்துபோகும். ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னும் நல்லது. உப்பே கிடையாது, வீட்டில் வேறொரு அறையில் ஏசி இருந்தால் அதைப் பிடித்துவையுங்கள்.

ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்திருந்தால் லிட்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைத்து அரைமணி நேரம் ஓடவிட்டுக் கொட்டுங்கள்.

கேள்வி (மதுரை): வாளியில் தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு வராதா? வீட்டில் அம்மா கேட்கிறார்.

பதில்: அம்மா கேட்டதுதான் இந்த இதழின் முக்கியமான கேள்வி. ஏடிஸ் கொசு தேடுவதே இப்படிப்பட்ட சுத்தமான தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பம்ப் ஓடும்போது பயமில்லை. இரண்டு நாள் ஊருக்குப் போனால்தான் பிரச்சினை. கோபுரத்தின் வாய், ஃபேன் வாய் இரண்டிலும் கொசுவலைத் துணி கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், தவறாமல், வாளியைக் கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருக்கும். வெறுமனே கொட்டினால் போகாது.

கொசுவோடு முடியவில்லை. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவைத் துருவியபோதுதான் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தெரியவந்தது. கூலிங் டவர்களின் வெதுவெதுப்பான தண்ணீரில் அது நன்றாக வளரும். நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். உங்கள் வாளியும் அதற்குப் பிடித்த வெப்பத்தில்தான் இருக்கிறது. துளி பிடிக்கும் மேல் பேட்டைத் தவிர்க்கக் கூடாது என்பதும், பனிபோல் தூவும் நாசில் வேண்டாம் என்பதும் இதனால்தான். 4 சதவீத பிளீச்சிங் திரவம் 14 லிட்டருக்கு ஒன்றரை மி.லி., இரண்டு நாளுக்கு ஒரு முறை போதும். அதற்கு மேல் ஊற்றினால் காப்பரை அரிக்கும். சிட்ரிக் ஆசிட் அல்லது வினிகர் போட்டுக் கழுவும் நாளில் பிளீச்சிங்கைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆபத்து.

வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, வயதானவரோ அந்த அறையில் படுப்பதாக இருந்தால் கோபுரத்தைப் பால்கனிக்கு மாற்றிவிடுங்கள். உள்சுற்றின் டியூப் மட்டும் ஜன்னல் வழியே வரட்டும்.

கேள்வி (சேலம்): அறை வெப்பத்தைவிடக் குளிர்ந்த தண்ணீர் ஓடினால் வாட்டர் பிளாக் வியர்த்துச் சொட்டாதா?

பதில்: சொட்டாது. காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகப் படிய, ஒரு பொருள் பனிநிலைக்கு (ட்யூ பாயின்ட்) கீழே போக வேண்டும். ஈரக்குமிழ் அளவு ஒருபோதும் பனிநிலைக்குக் கீழே போகாது. 38 டிகிரி, 30 சதவீதக் கணக்கில் பனிநிலை 17 சொச்சம், உங்கள் தண்ணீர் 28. இந்தக் கருவிக்கு இயற்கையே போட்ட பூட்டு இது. ‘இன்னும் கொஞ்சம் குளிரட்டுமே’ என்று வாளியில் ஐஸ் கட்டியைப் போட்டால் அந்தப் பூட்டு உடையும். பிளாக்கின் அடியிலிருந்து மதர்போர்டில் சொட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): இவ்வளவு வேலை எதற்கு? ஏர் கூலரைக் கேபினட் பக்கம் திருப்பி வைத்தால் போதாதா? அல்ட்ராசானிக் புகைக் கருவியும் வைத்திருக்கிறேன்.

பதில்: கூலர் காற்று 80, 90 சதவீத ஈரத்தோடு வருகிறது, துளிகளும் கூட வரும். கேபினட்டில் உள்ள தூசி அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு சர்க்யூட் போர்டில் அப்பிக் கிடக்கும். கனெக்டர் பச்சை பூக்க ஒரு கோடை போதும். அல்ட்ராசானிக் இன்னும் மோசம்: அது தண்ணீரை ஆவியாக்குவதில்லை, உப்போடு சேர்த்துப் பொடிப்பொடியாகத் தெறிக்கவிடுகிறது. துளி காய்ந்தால் மிஞ்சுவது போர்டெங்கும் வெள்ளைப் பொடி.

கூலர்தான் இருக்கிறது என்றால் ஒன்று செய்யலாம். ரேடியேட்டரைக் கேபினட்டுக்கு வெளியே மாட்டி, கூலர் காற்று அதன்மேல் மட்டும் படும்படி வையுங்கள். துளி படாத தூரத்தில்.

கேள்வி (வேலூர்): எல்லாம் சொன்னபடி கட்டியும் தண்ணீர் 36-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஈரக்குமிழ் 25 காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்: மேல் பேட்டை எடுத்துவிட்டு, ஷவர் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டின் நடுப்பகுதி வெளுப்பாகவும் ஓரம் கருத்தும் தெரிந்தால் தண்ணீர் முழுக்கப் பைப்பின் சுவரோடு வழுக்கி இறங்குகிறது, காற்று நடுவில் காய்ந்த வழியே ஏறிப் போகிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை. ஷவர் தலை பைப்புக்குச் சமமான அகலம் என்றால் இப்படி ஆகும். வெளிவட்டத் துளைகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். பேட்டைச் சுவரோடு இடைவெளி இல்லாமல் வெட்டுங்கள்.

நடுவும் நனைந்திருந்தால் காற்றைச் சோதியுங்கள். கோபுரத்தின் உச்சியில் ஊதுபத்தி பிடித்தால் புகை விறுவிறுவென்று மேலே போக வேண்டும். சோம்பலாக அலைந்தால் ஃபேனுக்குப் பலம் போதவில்லை, அல்லது தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் காற்று கசிகிறது.

மூன்றாவது, நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒன்று: அறை மூடியிருக்கிறதா? 36 கன மீட்டர் அறையில், அதாவது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், 34 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதத்திலிருந்து காற்று முழுக்க நனைந்துபோக 800 கிராம் தண்ணீர்தான் வேண்டும். மூடிய அறையில் உங்கள் கோபுரம் இரண்டு மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடும். பிறகு ஈரக்குமிழ் அளவே அறை வெப்பம்தான், கருவி வெறும் நீரூற்று. காலையில் 25 காட்டியதை நம்பாமல், இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அதே துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். உச்சியிலிருந்து ஒரு டக்ட் குழாய் போட்டு ஈரக்காற்றை ஜன்னலுக்கு வெளியே அனுப்பி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவைத்தால் சரியாகிவிடும். இதே காரணத்தால் ஏசி அறைக்குள் கோபுரம் வைக்கவே கூடாது. நீங்கள் ஆவியாக்கிய தண்ணீரை ஏசி மறுபடி காசு செலவழித்துப் பிழிந்து வெளியே விடும்.

கேள்வி (தஞ்சாவூர்): லேப்டாப்புக்கு இப்படி ஏதாவது?

பதில்: வேண்டாம். பின்மூடியைக் கழற்றி ஃபேன் தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். பின்பக்கம் இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள்.